பருத் தழும்பு: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது – முழுமையான வழிகாட்டி

பருத் தழும்புச் சிகிச்சை கைகொடுக்காமல் போவதற்குப் பெரும்பாலும் வரிசை மாறுவதே காரணம். பரு வந்துகொண்டிருக்கும்போதே லேசருக்குப் போகிறார்கள். குழிக்கு க்ரீம் பூசுகிறார்கள். தானாக மறையக்கூடிய கறைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பணமும் ஒரு வருடமும் போன பிறகு முகம் இருந்ததைவிடக் கறுத்து நிற்கிறது.

நம்முடையது மாநிறமும் கறுப்பும் கலந்த தோல். எந்தக் காயம் பட்டாலும், அது சிகிச்சைக்காகக் கொடுக்கும் காயமாகவே இருந்தாலும், ஆறும்போது கறுப்பை விட்டுவிட்டுப் போகும் தோல் இது. வெள்ளைத் தோல்காரர்களுக்குச் சொன்ன முறையையும் வேகத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டால் அடிபடுவோம். கீழே உள்ள வரிசை இதை மனதில் வைத்துச் சொல்லப்படுவது.

1. கறையா, குழியா, மேடா: முதலில் பிரித்துப் பாருங்கள்

பரு போன இடத்தில் நிற்கும் எல்லாவற்றையும் தழும்பு என்றே சொல்லிவிடுகிறோம். அவை மூன்று தனித்தனிச் சங்கதிகள். மூன்றுக்கும் மருந்து வேறு.

இரவில் முகம் கழுவித் துடைத்துவிட்டு அறை விளக்கை அணையுங்கள். கைபேசி டார்ச்சைக் காதோரமாகப் பிடித்து, வெளிச்சம் கன்னத்தின் மேல் சாய்வாக ஓடும்படி வைத்துக் கண்ணாடியைப் பாருங்கள். பள்ளம் இருந்தால் டார்ச் இருக்கும் பக்கத்து விளிம்பையொட்டி உள்ளே நிழல் விழும். மேடு இருந்தால் டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் நிழல் விழும். நிழலே இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். கறை விரலுக்குத் தட்டுப்படாது.

கறையிலும் இரண்டு உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள். நிறம் வெளுத்தால் அது ரத்தக் குழாய்ச் சிவப்பு; நம் தோலில் அது செங்கபில நிறமாகத்தான் தெரியும். அழுத்தியும் மாறவில்லை என்றால் அது மெலனின் என்ற நிறமி. பழுப்பாக இருந்தால் நிறமி மேல்தோலில் இருக்கிறது, சீக்கிரம் போகும். சாம்பலும் நீலமுமாக இருந்தால் ஆழத்தில் இறங்கிவிட்டது, வருடக்கணக்கில் நிற்கலாம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் மேலே படிப்பதில் பயனில்லை. "முகமெல்லாம் தழும்பு" என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது முக்கால்வாசி கறைதான். அது போனாலே முகம் பாதி தெளிந்துவிடும். குழிக்கு எதுவும் செய்யத் தேவையில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

2. குழி ஏன் விழுகிறது

மயிர்க்கால் அடைபட்டு உள்ளே எண்ணெய் தேங்கி, அதன் சுவர் கிழியும்போது உள்ளிருப்பது சுற்றியுள்ள தோலுக்குள் கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் அங்கே தோலைத் தாங்கியிருக்கும் கொலாஜன் நாரும் கரைந்துபோகிறது. பிறகு உடல் புது நாரை நெய்கிறது. குறைவாக நெய்தால் குழி, மிகுதியாக நெய்தால் மேடு. பத்துத் தழும்பில் எட்டு ஒன்பது குழிதான்.

அழற்சி எத்தனை நாள் நீடிக்கிறதோ அத்தனைக்கும் நார் கரைகிறது. பெரிய கட்டிகள்தான் குழி விழவைக்கும் என்று நினைத்துச் சின்னச் சிவப்புப் பருக்களை விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் சிவந்தே கிடக்கும் சின்னப் பருவும் குழி விடும். "வயசுக் கோளாறு, தானாகப் போகும்" என்று காத்திருந்த இரண்டு வருடம்தான் பலர் முகத்தில் குழியாக இருக்கிறது.

3. குழியின் வகையைக் கண்டுபிடியுங்கள்

மருத்துவர் குறிப்பில் மூன்று பெயர்கள் இருக்கும்.

ஐஸ் பிக்: குண்டூசியால் குத்தியது போல, வாய் 2 மி.மீ.க்கும் குறைவு, ஆழம் அதிகம், கீழே கூம்பிப் போகும். பெரிய மயிர்த்துளை என்று பலர் தவறாக நினைப்பது இதைத்தான். குழி வகைகளில் இதுவே அதிகம்.

பாக்ஸ்கார்: அம்மைத் தழும்பு போல விளிம்பு செங்குத்தாக வெட்டிய குழி. அகலம் ஏறக்குறைய 1.5 முதல் 4 மி.மீ. ஆழம் அரை மி.மீ.க்குள் இருந்தால் ஆழமற்றது, அதைத் தாண்டினால் ஆழமானது.

ரோலிங்: 4, 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமாக, விளிம்பு தெரியாமல், கன்னம் அலை அலையாக இருக்கும். தோலுக்கு அடியில் நார்ப்பட்டைகள் தோலைக் கீழே பிடித்து இழுத்துக் கட்டியிருப்பதால் வருவது. மேலே எத்தனை தேய்த்தாலும் கீழே கட்டியிருக்கும் கயிறு அறுபடாமல் இது எழாது.

இரண்டு விரலால் தோலை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பிடியுங்கள். குழி சமமாகிவிட்டால் நடுத்தரம். இழுத்தும் அப்படியே இருந்தால் கடுமையானது. வீட்டில் ஒருவரை அரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தில் தெரியவில்லை என்றால் லேசானது. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் குட்மேன்–பேரன் அளவுகோலும் இந்த அரை மீட்டரையும் இழுத்துப் பார்ப்பதையும்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது.

ஒரே கன்னத்தில் மூன்று வகையும் கலந்திருப்பது சகஜம். அதனால்தான் ஒரே சிகிச்சையை ஐந்து முறை திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு ஓரிடம் தேறி, பக்கத்து இடம் அப்படியே நிற்கிறது.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புகைப்படம்: அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நான்கு வாரத்துக்கு ஒரு முறை எடுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவர்களுக்கு மாற்றம் தெரியாது. தெரியாததால் வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை ஆறாவது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள்.

மருந்துப் பட்டியல்: இப்போது சாப்பிடும், போட்டுக்கொள்ளும் எல்லாம். பி12 ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம்மில் தரும் ஊசி, காசநோய்க்கான ஐசோனியசிட், மனநலத்துக்கான லித்தியம் ஆகியவை பரு வரவழைக்கக்கூடியவை. இவற்றை நீங்களே நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூசும் க்ரீமின் டியூப்: இதுதான் முக்கியம். கடையில் "முகம் பளிச்சென்று ஆகும்" என்று கொடுக்கும் க்ரீமின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த டியூபும் இதில் சேரும். முதல் இரண்டு வாரம் முகம் தெளியும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினால் எரிந்து, ஒரே மாதிரியான பருக்கள் கிளம்பும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது இதனால்தான். மாதக்கணக்கில் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும். இந்தத் தோலின் மேல் லேசரோ ஊசியோ இப்போதைக்கு வேண்டாம்.

5. பருவை அடக்குங்கள்

புதுப் பரு வந்துகொண்டிருக்கும்வரை குழிக்குச் செய்யும் செலவு, மழை பெய்யும்போதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. இரண்டு மூன்று மாதமாவது சிவந்த பரு புதிதாக வராமல் இருந்த பிறகுதான் 8-ஆம் பகுதிக்குப் போக வேண்டும்.

லேசான, நடுத்தரப் பருவுக்கு அடிப்படை இரண்டு மருந்துகள். இரவில் அடாப்பலீன் 0.1% ஜெல். அது மயிர்க்கால் அடைபடுவதையே தடுக்கிறது. காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல். அது கிருமியைக் கொல்கிறது. கிருமிக்கு அதை எதிர்க்கப் பழகவும் முடியாது. 10% வாங்கினால் நாலு மடங்கு வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். சிவந்த பருவுக்கு 2.5% ஏறக்குறைய அதே பலனைத் தரும்; எரிச்சல்தான் குறைவு. எரிச்சல் என்றால் நம் தோலில் கறை என்று பொருள்.

அடாப்பலீனைப் பூசும் விதத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைக்கிறார்கள். இது வரப்போகும் பருவைத் தடுக்கும் மருந்து. ஆகவே முகம் முழுவதும் போட வேண்டும். முகம் கழுவிப் பதினைந்து இருபது நிமிடம் நன்றாகக் காயவிடுங்கள். ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் விட்டுவிடுங்கள். அதன் மேல் எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தினமும். முதல் மாதத்தில் தோல் உரிவதும் பரு சற்றுக் கூடுவதும் உண்டு. எரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள், மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் அடாப்பலீனைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசலாயிக் அமிலம் இருக்கிறது.

பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கவைக்கும். வெள்ளைத் துண்டையும் வெள்ளைத் தலையணை உறையையும் பயன்படுத்துங்கள்.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசாதீர்கள். கிருமி பழகிக்கொள்ளும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு. மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினால் மூன்று நான்கு மாதத்துக்குள் முடிக்கப் பார்ப்பார். அதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலும் சுரீரென்று உறைக்கும்.

உள்ளே கல்லாகக் கட்டும் பரு, வலிக்கும் பரு, ஏற்கெனவே குழி விழத் தொடங்கிய முகம் ஆகியவற்றுக்கு ஜெல்லோடு மாதக்கணக்கில் போராடக் கூடாது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது. மொத்தமாக உடல் எடையில் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. சேருவது வழக்கமான கணக்கு. 60 கிலோ எடைக்கு 7,200 முதல் 9,000 மி.கி. தினம் 30 மி.கி. என்றால் 8 முதல் 10 மாதம். இரண்டாவது மாதத்தில் முகம் தெளிந்ததும் நிறுத்திவிட்டுப் "பரு திரும்ப வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள். கொழுப்பு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை வேண்டும். கருவைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதமும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. அந்தக் காலத்தில் ரத்த தானமும் கூடாது. மருந்துக் கடையில் நேராக வாங்கிச் சாப்பிடும் மருந்து இது இல்லவே இல்லை.

இவற்றோடு சில சின்ன விஷயங்கள். நெற்றியில் மட்டும் பரு இருந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் வழிந்து மயிர்க்காலை அடைக்கும். எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிடுங்கள். தாடையோரம் மாதவிடாயை ஒட்டி வரும் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் மீசை முளைப்பதும் இருந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) பரிசோதனை செய்யுங்கள். வேர்வைக் காலத்தில் நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவாக, அரிப்போடு பொரிப் பொரியாக வந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை வளர்க்கும். இந்தக் கடைசி ஒன்றைத் தவறவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறைய.

6. கையை விலக்குங்கள்

நகத்தால் அழுத்தும்போது சீழ் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அழுத்தத்தில் மயிர்க்காலின் சுவர் உள்பக்கமாகவும் கிழிந்து, மீதிச் சீழ் தோலுக்குள் இறங்குவது தெரிவதில்லை. குழி உண்டாவது அந்த இரண்டாவது கசிவில்.

பழுத்த பருவின் மேல் ஹைட்ரோகொலாய்டு பேட்ச் ஒட்டுங்கள். சீழை உறிஞ்சுவது பாதிப் பயன். கை படாமல் காப்பதே மீதிப் பயன். திருமணத்துக்கு நாலு நாள் இருக்கையில் கன்னத்தில் பெரிய கட்டி எழும்பினால், தோல் மருத்துவர் அதற்குள் மிக நீர்த்த ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார். இரண்டு மூன்று நாளில் அமுங்கும். அளவு மிஞ்சினால் ஊசியே ஒரு பள்ளம் விடும் என்பதால் இதை பியூட்டி பார்லரில் செய்துகொள்ளக் கூடாது.

எலுமிச்சைச் சாறு வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கறுக்கவைக்கும். டூத்பேஸ்ட், சோடா மாவு எரிக்கும். சங்கு உரசிய விழுதையும் ஜாதிக்காயையும் பருவின் மேல் வைத்துக் காயவிட்டு, பிறகு சுரண்டி எடுப்பதுதான் கெடுதல். பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும் அப்படியே. பரு சிவந்திருக்கும்போது ஃபேஷியலும் ஆவி பிடிப்பதும் வேண்டாம்.

7. கறையைப் போக்குங்கள், சன்ஸ்க்ரீனிலிருந்து தொடங்கி

பரு அடங்கிவரும்போதே இதைத் தொடங்கலாம். சன்ஸ்க்ரீன் இல்லாமல் கறை மருந்து பூசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது.

சன்ஸ்க்ரீனின் வெயில் தடுப்பு அளவான எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். பலரும் போடுவது இதில் கால்வாசிதான். கால்வாசிக்குப் பாதுகாப்பும் சுருங்கிவிடும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் போட வேண்டும். நம் தோலைக் கறுக்கவைப்பதில் புற ஊதாவோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு. அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறமுள்ள சன்ஸ்க்ரீன். கறை பிடிவாதமாக இருந்தால் அதை வாங்குங்கள்.

மருந்துகளில் அசலாயிக் அமிலம் 15 அல்லது 20%, காலையும் மாலையும். பருவுக்கும் கறைக்கும் ஒன்றாக வேலை செய்யும், கர்ப்பகாலத்திலும் போடலாம். நயாசினமைடு 4, 5% சாதுவானது, துணைக்கு நல்லது. நீங்கள் ஏற்கெனவே போடும் அடாப்பலீனும் கறையைக் குறைக்கும். ஹைட்ரோகுயினோன் வலுவானது. மருத்துவர் கண்காணிப்பில் ஏறக்குறைய மூன்று மாதம் போட்டு நிறுத்த வேண்டும். வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு நீலக் கறுப்பாகத் தோல் மாறி, திரும்பவே திரும்பாமல் போவதுண்டு.

பழுப்புக் கறைக்கு 6 முதல் 12 மாதம் கொடுங்கள். ரத்தக் குழாய்ச் சிவப்பும் பெரும்பாலும் மாதங்களில் மங்கும்.

8. குழிக்கு: மருத்துவரைத் தேர்ந்து, இவற்றைக் கேளுங்கள்

பெயருக்குப் பின்னால் தோல் மருத்துவப் பட்டம், அதாவது எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல்., தோல் பிரிவில் டி.என்.பி. என்று இருக்கிறதா பாருங்கள். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகை மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு; முதல் கருத்தை அங்கே கேட்டுவிட்டால் பிறகு எங்கே போனாலும் ஏமாற மாட்டீர்கள்.

நீங்களாகச் சொல்ல வேண்டியவை: காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளர்ந்ததா, உதட்டோரம் அடிக்கடி அக்கி வருமா, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்டா, ஐசோட்ரெட்டினாயின் எப்போது நிறுத்தினீர்கள், ஸ்டீராய்டு க்ரீம் எத்தனை நாள் பூசினீர்கள். அக்கி வருபவர்களுக்கு லேசருக்கு முன்பே வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் புண்ணான முகம் முழுவதும் பரவும்.

கேட்க வேண்டியவை: எனக்கு எந்த வகைக் குழி எங்கே அதிகம், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை அமர்வு, முழுச் செலவு எவ்வளவு. முகத்தைப் பார்க்குமுன்பே "ஆறு லேசர் பேக்கேஜ்" என்று விலை சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

9. குழிச் சிகிச்சையின் வரிசை: அடியிலிருந்து மேலே

அடியில் கட்டியிருப்பதை முதலில் அவிழ்ப்பது, ஆழக் குழிகளைத் தனித்தனியே கவனிப்பது, கடைசியில் மேற்பரப்பைச் சமன் செய்வது. வீடு கட்டும் வரிசைதான்.

ரோலிங் குழிக்கு சப்சிஷன். மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் கத்தி முனை ஊசியையோ மழுங்கிய கேனுலாவையோ நுழைத்து, விசிறி போல முன்னும் பின்னும் ஓட்டி நார்ப்பட்டைகளை அறுப்பார்கள். வலிக்காது, ஆனால் பட்டை அறுபடும்போது ‘நறநற’வென்று சத்தம் உங்கள் காதுக்கே கேட்கும். முன்கூட்டித் தெரியாதவர்கள் அந்தச் சத்தத்தில்தான் பயந்துபோகிறார்கள். உள்ளே கட்டும் ரத்தம் புது நார் வளர இடம் கொடுக்கிறது. வீக்கமும் கன்றிய நீலமும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். மூன்று முறை வரை தேவைப்படலாம்.

ஐஸ் பிக் குழிக்கு டி.சி.ஏ. கிராஸ். செறிவான ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைக் கூரிய பல்குச்சி முனையில் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைத்து அழுத்துவார்கள். சில நொடிகளில் குழி வெள்ளையாகப் பூக்கும். பிறகு பொருக்குத் தட்டி ஒரு வாரத்தில் உதிரும். குழி அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் மூன்று முதல் ஆறு முறை. அமிலம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் குழி அகலமாகும், சுற்றிலும் கறுக்கும். இணையத்தில் அமிலம் வாங்கி வீட்டில் முயல்பவர்களுக்கு நடப்பது இதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆழமான பாக்ஸ்காருக்குப் பஞ்ச். சின்ன வட்டக் கத்தியால் குழியை எடுத்துத் தைப்பது, அல்லது குழியின் அடித்தளத்தைச் சுற்றிலும் வெட்டி மேலே எழுப்புவது. எண்ணிக்கையில் சிலவே இருந்தால் இதற்கு ஈடில்லை.

இவை ஆறிய பிறகு மேற்பரப்புக்கு மைக்ரோநீட்லிங் (நுண் ஊசிகளால் தோலைக் குத்துவது), ரேடியோ அலை சேர்ந்த மைக்ரோநீட்லிங், ஃப்ராக்ஷனல் லேசர் (புள்ளி புள்ளியாகத் துளையிடும் லேசர்). நம் நிறத்துக்கு முதல் தேர்வாக மைக்ரோநீட்லிங்கையே சொல்வேன். கன்னத்தில் 1.5 முதல் 2 மி.மீ. ஆழம், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று முதல் ஆறு அமர்வு. சூடு இல்லாததால் கறுக்கும் ஆபத்து குறைவு. ரேடியோ அலை வகையில் சூடு உள்ளே மட்டும் இறங்குகிறது. மேல்தோல் அதிகம் பாதிக்கப்படுவதில்லை.

ஃப்ராக்ஷனல் லேசர்களில் கார்பன் டை ஆக்சைடு லேசர் வலுவானது, கறுக்கவைப்பதிலும் வலுவானது. செய்யத்தான் வேண்டும் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே சன்ஸ்க்ரீனும் நிற மருந்தும் பூசித் தோலைத் தயார் செய்ய வேண்டும். மருத்துவரிடம் ‘டென்சிட்டி’யை, அதாவது துளைகளின் நெருக்கத்தை, குறைத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் தோல் கறுப்பது துளையின் ஆழத்தைவிடத் துளைகள் நெருங்கி விழுவதால்தான் அதிகம். ஏப்ரல், மே வெயிலில் அலையும் வேலை என்றால் தள்ளிப்போடுங்கள்.

வீட்டு டெர்மாரோலர் (ஊசி பதித்த உருளை) வேண்டாம். ஊசி சீக்கிரம் மழுங்கித் தோலைக் கீறும். ஒரு சீழ்ப் பருவின் மேல் உருண்டால் கிருமியைக் கன்னம் முழுவதும் நட்டுவிடும்.

ஐசோட்ரெட்டினாயின் முடித்து ஆறு மாதம் எதையும் தொடக் கூடாது என்ற பழைய விதி 2017-க்குப் பிறகு தளர்ந்திருக்கிறது. மைக்ரோநீட்லிங், மேலோட்டமான பீல் (அமிலத்தால் மேல்தோலை உரிப்பது) போன்றவற்றைப் பல மருத்துவர்கள் முன்பே தொடங்குகிறார்கள். தோலைச் சக்கரத்தால் உரிக்கும் டெர்மாப்ரேஷனுக்கும் முகம் முழுக்கத் தோலுரிக்கும் லேசருக்கும் காத்திருப்பு இன்னும் உண்டு. மெழுகு வைத்து முடி எடுப்பதும் அந்த ஆறு மாதம் வேண்டாம்.

10. செய்த பிறகு முதல் பத்து நாள்

முதல் நாள் தண்ணீரும் மருத்துவர் கொடுத்த களிம்பும் மட்டும். ஊசி குத்திய துளைகள் திறந்திருக்கும்போது வைட்டமின் சி சீரம் போட்டால், தோலுக்குள் இறங்கிக் கட்டி கட்டியாக எழும்பலாம். மேக்கப் குறைந்தது 24 மணி நேரத்துக்கு வேண்டாம். லேசர் என்றால் பொருக்கு உதிரும்வரை. அடாப்பலீனை ஒரு வாரம் நிறுத்துங்கள். பொருக்கைப் பிய்த்தால் அடியில் இருக்கும் பச்சைத் தோல் கறுத்துவிடும்.

மைக்ரோநீட்லிங் சிவப்பு மூன்று நாளில் வடியும். லேசர் பொருக்கு ஐந்து முதல் ஏழு நாளில் உதிரும். அதற்குப் பிறகும் வலி கூடினால், நீர்க் கொப்புளம் கூட்டமாக வந்தால், மஞ்சள் நீர் கசிந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

முதல் வாரம் முகம் வீங்கிக் குழி மறைந்தது போலத் தெரியும். அது வீக்கம். வீக்கம் வடிந்து குழி திரும்பத் தெரியும் மூன்றாவது வாரத்தில் மனம் உடைந்துபோகிறார்கள். கொலாஜன் நெய்யப்படுவது அதற்குப் பிறகுதான், மாதக்கணக்கில் நடக்கும்.

11. மேடாக வளரும் தழும்பு தனி வழி

தாடையோரம், மார்பு, தோள் இவற்றில்தான் அதிகம். பரு இருந்த எல்லைக்குள் நிற்பது ஹைபர்ட்ராபிக். எல்லையைத் தாண்டிப் பரவுவது கெலாய்டு. இதற்கு 9-ஆம் பகுதியில் உள்ள எதையும் செய்யாதீர்கள். வெட்டி மட்டும் எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரும். சிலிகான் ஜெல் அல்லது தகட்டை ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். அதற்கு மேல் தழும்புக்குள் ட்ரையம்சினலோன் ஊசி, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. அரிப்பு முதலில் நிற்கும், பிறகு மெத்தென்று ஆகும், கடைசியில்தான் தட்டையாகும்.

12. எங்கே நிறுத்துவது

குழி முழுவதும் மறையாது. கவனமாகச் செய்த சிகிச்சையில் பாதியளவு குறைந்தால் அது நல்ல விளைவு. அரை மீட்டர் தூரத்தில் தெரியாமல் போனால் மிக நல்ல விளைவு. முதல் நாளே இதைச் சொல்லாத மருத்துவரிடம் தொடர்வது பற்றி யோசியுங்கள்.

கடைசி அமர்வு முடிந்து ஆறு மாதம் எதுவும் செய்யாமல் இருங்கள். பிறகு அதே ஜன்னலில், அதே நேரத்தில் படம் எடுத்து முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள். இன்னும் தெரியும் ஒன்றிரண்டு அகலக் குழிகளுக்கு ஹயலூரானிக் அமில ஃபில்லர் (குழியை அடியிலிருந்து நிரப்பும் ஊசி) போடலாம்; மாதங்களில் கரைந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அடாப்பலீனை மட்டும் வாரம் மூன்று இரவாவது தொடருங்கள். இத்தனையும் முடித்த கன்னத்தில் புதிதாக ஒரு கட்டி வந்து உடைந்தால், அந்த ஒரு குழிக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.